ரொம்ப நல்ல புல்வெளி

புல்லுக்குள் முழங்காலிட்டிருந்த இமோஜன் எழுந்து என்னிடம், "ரொம்ப நல்லா இருக்கு டோரீன்" என்றாள்.



கட்டட அனுமதி கேட்கும் நிலத்தில் என்னென்ன செடி, என்னென்ன பூச்சி இருக்கிறது என்று பார்த்துக் கணக்குச் சொல்கிறவள் அவள். அவள் நன்றாக இருக்கிறது என்றால் நம் பாடு திண்டாட்டம்.

மறதி நோய்க்காரர்கள் பகலில் வந்து இருந்துவிட்டுப் போகும் கூடம் ஒன்றை நான் நடத்துகிறேன். கூரை இற்றுவிட்டது. புதுக் கூடம் எழும்பாவிட்டால் மூடச் சொல்லிவிட்டார்கள். மூடினால் இவர்கள் தொலைவில் ஹெரிஃபோர்டு நகரைத் தாண்டி இருக்கும் இல்லத்துக்குப் போக வேண்டும். போனால் போனதுதான், திரும்பி வர மாட்டார்கள்.

கட்டுவதற்கு இருப்பது இந்த ஒரே இடம்.

கட்டி முடித்தபின், முன்பு இருந்ததைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக இயற்கை இருக்க வேண்டுமாம். சட்டம். பக்கத்து டயர் கடை கேவின் இதே சட்டத்தில் சுளுவாக அனுமதி வாங்கிவிட்டான். அவன் முற்றம் முழுக்கக் கான்கிரீட். பூஜ்யத்தில் பத்தில் ஒரு பங்கு என்ன, பூஜ்யம்தான்.

எங்கள் நிலமும் ஒரு காலத்தில் வெறும் கட்டாந்தரை. வருகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று நான்தான் காட்டுப்பூ விதை வாங்கிக் கொடுத்தேன். தூவினார்கள். தூவியதை மறந்து மறுநாளும் தூவினார்கள். இப்போது இடுப்பளவு பூ.

இதை ஈடுகட்ட, வேறெங்கோ யாரோ வளர்க்கும் புல்வெளியில் பங்கு வாங்க வேண்டும். அந்த விலைக்கு இரண்டு கூடம் கட்டலாம். ஒட்ட அறுத்துவிடட்டுமா என்று வெட்கத்தைவிட்டுக் கேட்டேன். அறுத்தாலும் அறுப்பதற்கு முன் இருந்ததைத்தான் கணக்கில் எடுப்பார்கள் என்றாள். பாவம், அவள்தான் என்ன செய்வாள்? கண்ணில் பட்டதை இல்லை என்று எழுத முடியுமா?

அப்போது, கூடத்துக்கு வருகிறவர்களில் ஒருவரான வில்ஃப் வந்தார். கால்சட்டைப் பைக்குள் கைவிட்டு விதையை அள்ளி, மிச்சமிருந்த ஒரே வெற்றுத் திட்டில் தூவினார்.

இமோஜன் குரலைத் தாழ்த்தினாள். அவரையாவது யாராவது நிறுத்தக் கூடாதா, அவர் வீட்டு ஆட்கள் யாரும் இல்லையா என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் வில்ஃப் என்னிடம் வந்துவிட்டார். என் கையைப் பிடித்து விரித்து, அதில் கொஞ்சம் விதையைக் கொட்டினார்.

"இங்க புதுசாம்மா? சும்மா தூவுங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இத நடத்துற அம்மா ரொம்ப நல்லவங்க."

எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த மனுஷர் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

தூவினேன்.