அண்ணன் வரட்டும்

"கோபுரத்துக்குப் போடும்மா."

தினமும் மணி சரியாகப் பன்னிரண்டுக்கு இந்தக் குரல். காட்டுத்தீ கண்காணிப்பு அலுவலகத்தில் போன் எடுக்கும் பெண்ணுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

மலை உச்சியில் ஒரு இரும்புக் கோபுரம். அதன் மேல் தகர அறையில் உட்கார்ந்து எங்காவது புகை கிளம்புகிறதா என்று பார்ப்பதுதான் காவலருக்கு வேலை. செல்போன் அங்கே எடுக்காது, வயர்லெஸ் மட்டும்தான். அவர் மனைவி அலுவலகத்துக்குப் போன் போடுவார். இவள் ரிசீவரை வயர்லெஸ் பக்கத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் அறை முழுக்கச் சண்டை கேட்கும்.

"ஈரத் துண்டைக் கட்டில் மேலேயே போட்டுட்டுப் போயிருக்கீங்க."

"நான் எங்கே போட்டேன்? துவைச்சதை மடிக்காம நீதான் போட்டே."

"எங்க அண்ணன் வீட்ல இப்படியெல்லாம் நடக்காது."

"உங்க அண்ணனா? கல்யாணத்தன்னிக்கு என் செருப்பைப் போட்டுக்கிட்டுப் போனவர்தானே? இன்னி வரைக்கும் திருப்பித் தரலை."

பன்னிரண்டு, இரண்டு, நாலு. வேளை தவறாமல் மருந்து மாதிரி. அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருக்கும் பெண், பாவம். இரண்டு வாரமாக இதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குப் பாதி ஆசை விட்டுப்போயிருந்தது.

அன்றைக்கு நிலைமை வேறு. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் கடல்காற்று இல்லை. மலைப்பக்கமிருந்து அனல் அடித்தது. புல்லெல்லாம் மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது. ஒரு பொறி விழுந்தால் ஊரே போய்விடும்.

"சொந்த விஷயத்துக்கு இன்னிக்கு யாருக்கும் வயர்லெஸ் கிடையாது" என்று காலையிலேயே அதிகாரி சொல்லிவிட்டார்.

அதனால் பன்னிரண்டு மணிக்கு அந்தக் குரல் கேட்டதும் பெண் சந்தோஷமாகவே சொன்னாள்: "இன்னிக்கு முடியாதும்மா. சண்டையெல்லாம் அவர் வீட்டுக்கு வந்ததும் வச்சுக்கோங்க."

போனை வைத்தும் விட்டாள். ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தது.

இரண்டு மணிக்குப் போன் வரவில்லை. அந்த அம்மாவே வந்து நின்றார். தலையில் ஈரத்துணி, முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. வெயிலுக்குப் பயந்து பஸ்ஸை நிறுத்திவிட்டார்களாம். நடந்தே வந்திருக்கிறார்.

பெண்ணுக்கு எரிச்சல் தாங்கவில்லை. "சண்டை போடறதுக்கு இந்த வெயில்ல நடந்து வந்தீங்களா?"

"அவர் கடைசியா எப்பம்மா பேசினாரு?"

"இதோ இப்பத்தான், ரெண்டு மணிக்கு. மணிக்கொரு தடவை சொல்லிக்கிட்டுதான் இருக்காரு. நல்லாத்தான் இருக்காரு."

"என்ன சொன்னாரு?"

"'புகை இல்லை'ன்னாரு."

"வேற?"

"வேற என்ன சொல்வாரு? அதானே வேலை."

"ஒரே ஒரு நிமிஷம் போடும்மா. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். என்ன நினைத்தாரோ, போடு என்று கையைக் காட்டினார்.

அந்த அம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு உரக்கச் சொன்னார். "இதோ பாருங்க, எங்க அண்ணன் நாளைக்கு வர்றாராம். ஒரு மாசம் நம்ம வீட்லதான் தங்கப் போறாராம்."

வயர்லெஸ் இரைந்தது. அறையில் எல்லாரும் வரப்போகும் கச்சேரிக்குக் காத்திருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வந்தது. "ம்... வரட்டும்."

அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"வண்டி அனுப்புங்க சார். அவருக்கு வெயில் தலைக்கேறிடுச்சு."

"நல்லாத்தானேம்மா பதில் சொன்னாரு?"

"இருபத்தாறு வருஷமா குடும்பம் நடத்தறேன் சார். எங்க அண்ணனை வரட்டும்னு அவர் சொன்னதே கிடையாது."

மலையடிவாரத்தில் தயாராக நின்ற தீயணைப்பு வண்டியை அதிகாரி உடனே மேலே ஏறச் சொன்னார்.

காத்திருக்கும்போது அந்த அம்மா சுவரில் சாய்ந்தபடி சொன்னார். "எப்படி இருக்கீங்கன்னு கேட்டா அவர் 'ம்'னுதான் சொல்வாரும்மா. 'புகை இல்லை'ங்கிறதைத் தூக்கத்துலகூடச் சொல்வாரு. வெயில் ஏறினா முதல்ல பேச்சுதான் குழறுமாம், டாக்டர் சொன்னாரு. அவரைச் சேர்ந்தாப்ல நாலு வார்த்தை பேச வைக்கணும்னா நான் சண்டைதான் போட்டாகணும். அண்ணன் பேரை எடுத்தா பத்து வார்த்தை வரும்."

பெண் தன் நாற்காலியை இழுத்து அந்த அம்மாவுக்குப் போட்டாள். பன்னிரண்டு மணிக்குத் தான் போனை வைத்தது நினைவுக்கு வந்தது.

மேலே போனவர்கள் பார்த்தபோது, காவலர் மைக்கைக் கையில் பிடித்தபடியே சரிந்து கிடந்தார். தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் பக்கத்திலேயே இருந்தது. இன்னும் அரைமணி போயிருந்தால் எதுவும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

மறுநாள் சாயங்காலம் பெண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். காவலர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மனைவி வெந்நீர் வாங்கப் போயிருந்தார்.

"மன்னிச்சுடுங்க சார். அவங்க உங்களுக்காகத்தான் சண்டை போடறாங்கன்னு எனக்குத் தெரியாது."

காவலர் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வீடும் தகரக் கூரைதாம்மா. அவளுக்கு பிரஷர் வேற. பகலெல்லாம் தனியா கிடக்கறா. என்ன செய்யுதுன்னு கேட்டா ஒண்ணுமில்லைம்பா. அவ அண்ணனைப் பத்தி நான் ரெண்டு வார்த்தை சொன்னாத்தான் குரல் கணீர்னு வருதான்னு எனக்குத் தெரியும்."

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் அவசரமாக முடித்தார்.

"மத்தபடி மச்சான் தங்கமான மனுஷன். அந்தச் செருப்பைக்கூட மறுநாளே கொண்டாந்து கொடுத்துட்டாரு."