ஒரே ஒரு ஆட்சேபணை

அன்று நூலகத்தில் இருந்தவர்கள் எட்டுப் பேர். தலைமை நூலகர், உதவி நூலகர்கள் இருவர், கணினிப் பெண், காவலாளி, கூட்டிப் பெருக்கும் அம்மா, கிழிந்த புத்தகங்களைத் தைத்து ஒட்டும் பைண்டர், குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பெண்.

எட்டில் ஏழு பேர் ஒரு மதம். குழந்தைகள் பிரிவுப் பெண் மட்டும் வேறு.

"வர்ற வெள்ளிக்கிழமை இவங்க பண்டிகை," என்றார் தலைமை நூலகர். "நம்ம பண்டிகைக்கு முன்ஹால் முழுக்க ஜோடிக்கிறோம். இவங்களுக்கு ஒரு மேஜையாவது வேண்டாமா? பன்னிரண்டு காகித விளக்கு, ஒவ்வொண்ணும் ஒரு நிறத்துல, வரிசை மாறாம வைப்பாங்களாம். வைக்கட்டும். பெரிய மனசு பண்ணுவோம்."

உதவி நூலகர்கள் இருவரும் கை தட்டினார்கள்.

அந்தப் பெண் கேட்டது மேஜை அல்ல. ஒரு நாள் லீவு. நாலு வருஷம் கழித்து அக்கா வெளியூரிலிருந்து வருகிறாள். பண்டிகை அன்று காலை வந்து, மாலை ஆறு மணி வண்டிக்கே திரும்பிவிடுவாள். லெட்டரில் அதைத்தான் எழுதிக் கொடுத்திருந்தாள்.

"லீவு எதுக்கும்மா? பண்டிகையே இங்க வரப்போகுது!" என்று தலைமை நூலகர் பூரித்துப் போனார். அத்தனை பூரிப்பவரிடம் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் எழவில்லை.

"யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார்.

"எனக்கு உண்டு," என்றார் பைண்டர்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன ஆட்சேபணை?"

"மேஜை ஆடும்."

"காலுக்கு அடியில அட்டை வெச்சா போச்சு."

"வழியை அடைக்கும்."

"அஞ்சடி மிச்சம் இருக்கு அண்ணே. அளந்துட்டேன்," என்றான் காவலாளி.

"விளக்கு வெளிச்சத்துல புஸ்தகம் வெளுத்துடும்."

"நம்ம பண்டிகைக்கு இருபது நாள் லைட் எரிஞ்சுதே, அப்ப வெளுக்கலையா?" கணினிப் பெண் மடக்கினாள்.

"அப்பவும்தான் வெளுத்துச்சு. நான்தான் வெளியில சொல்லலை."

கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கே பொறுக்கவில்லை. "சுத்தி வளைக்காதீங்க. மனசு வரலைன்னு நேராச் சொல்லுங்க."

"சரி, மனசு வரலை. கூடாதுன்னா கூடாது. எழுதிக்குங்க."

அந்த மேஜை குழந்தைகள் பிரிவுப் பெண்ணுக்கும் வேண்டாம்தான். ஆனாலும், இன்னொருவர் வாயிலிருந்து 'கூடாது' என்று வந்தபோது சுருக்கென்றது. ஐந்து வருஷமாக இந்த மனிதரிடமா கிழிந்த புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொடுத்து, கதை பேசிவிட்டு வந்தோம்?

ஆதரவு ஆறு, எதிர்ப்பு ஒன்று, சம்பந்தப்பட்டவர் ஒன்று என்று தலைமை நூலகர் குறித்துக்கொண்டார். மேஜை நிறைவேறியது. அதற்குப் பிறகு மூன்று நாள், டீ நேரத்தில் பைண்டருக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலி.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு விளக்கும் எரிந்தன. எல்லோரும் மேஜையோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தலைமை நூலகர் தொண்டையைச் செருமினார்.

"இந்தப் பண்டிகையை முன்னிட்டு இன்னைக்கு எல்லாருக்கும் அரை நாள் லீவு!"

அவள் முகம் மலர்ந்தது. "ரொம்ப நன்றி சார். அப்ப நானும்..."

"நீங்க எப்படிம்மா? அஞ்சு மணிக்கு நிர்வாகக் குழு வந்து பாக்கப்போறாங்க. விளக்கம் சொல்ல நீங்க வேண்டாமா? உங்க பண்டிகையாச்சே!"

"உங்க புண்ணியத்துல இன்னைக்கு வீட்டுல ஒரு தூக்கம் போடலாம்," என்று உதவி நூலகர் ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒவ்வொருவராக வாழ்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். பன்னிரண்டரைக்கு ஹால் காலி.

அவள் மேஜை அருகே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பசை ஒட்டிய கையோடு பைண்டர் வந்து நின்றார். "கிளம்பு."

"நீங்க கிளம்பலையா?" அவள் குரலில் சூடு இருந்தது.

"லீவு லெட்டரையெல்லாம் ஃபைலா தைக்க என்கிட்டதானே அனுப்புறாங்க? கூட்டத்துக்கு முந்தின நாள் உன்னோடது வந்துச்சு. 'அக்கா வருகிறாள்'னு நீ எழுதினதுக்கு மேலயே சிவப்பு மையில 'தேவையில்லை'ன்னு சார் போட்டிருந்தார். மறுநாள் அவர் மேஜைன்னு சொன்னதுமே நீ மாட்டிக்குவேன்னு தெரிஞ்சுபோச்சு. ஆடும், அடைக்கும், வெளுக்கும்னு என்னால ஆனமட்டும் சொல்லிப் பாத்தேன்."

அவள் எழுந்துவிட்டாள். "அதை அங்கேயே சொல்லியிருக்கலாமே? எல்லாரும் உங்களை என்னென்னவோ நினைச்சாங்களே!"

"உன் வீட்டு சமாச்சாரத்தை உன்னைக் கேக்காம நான் எப்படி சபையில போட்டு உடைக்கிறது?"

"அஞ்சு மணிக்கு வர்றவங்களுக்கு விளக்கம் யார் சொல்றது?"

"உங்க பண்டிகைப் புஸ்தகம் நம்மகிட்ட இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. மூணு தடவை பிரிச்சுத் தைச்சிருக்கேன். எதுக்கு அப்புறம் எந்தப் பக்கம்னு படிக்காம ஒட்ட முடியுமா?" மேஜையை உற்றுப் பார்த்தார். "சொல்லப்போனா, அஞ்சாவது விளக்கையும் ஆறாவதையும் நீ மாத்தி வெச்சிருக்கே."

அவள் எண்ணிப் பார்த்தாள். ஆமாம், மாறித்தான் இருந்தன. அழுகையை முந்திக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது.

"ஓடு, ஓடு. அக்கா காத்திருப்பா. ஆட்சேபணை எனக்குத்தானே? நான் இங்கயே உக்காந்து ஆட்சேபிச்சுக்கிறேன்."

பையைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடினாள்.

பைண்டர் ஐந்தாவது விளக்கையும் ஆறாவதையும் இடம் மாற்றி வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பண்டிகைக்கு வீடு போய்ச் சேர்ந்தவர்கள் ஏழு பேர். மீதி ஒருவர்.