வாசல் சண்டை

“மொதல்ல இந்தப் பொம்பளய எழுப்புங்க மிஸ்! பொறகு என்ட கடைய அளக்கலாம்.”

ஹலீம் போட்ட சத்தத்தில் பூண்டுலோயா கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. வீதியை அகலமாக்க அவருடைய புடவைக்கடையை அரசாங்கம் எடுக்கிறது. நட்டஈட்டை மதிப்பிட வந்த அதிகாரி தனுஜா, அளவு நாடாவோடு திகைத்து நின்றாள். தூறலிலும் நாலு பேர் கூடிவிட்டார்கள். சண்டை என்றால் சும்மாவா?

கடை வாசலில் தையல் மெஷினோடு உட்கார்ந்திருந்த காளியாயி அசையவில்லை.

“நான் ஏன் எந்திரிக்கணும்? இருவது வருசமா இங்கனதான் தைக்கிறேன்.”

“நானும் இருவது வருஷமா போகச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு மிஸ். இப்ப நட்டஈட்டுலயும் பங்குக்கு வாரா!”

தனுஜா குறுக்கிட்டாள். “அம்மா, வாடகை கட்டின துண்டு ஏதாச்சும் இருக்கா?”

“இல்லைங்க.”

“அப்ப ஒண்ணும் கிடைக்காதேம்மா. போன கிழமை ஒரு முதலாளி, மச்சான் மருமகனையெல்லாம் கூட்டிவந்து, இவங்களும் இங்கதான் யாபாரம் செய்றாங்கன்னு சத்தியம் பண்ணினாரு. முதலாளிமார் காட்டுற ஆளுங்கள இப்ப நாங்க நம்புறதே இல்ல.”

“நான் எங்க மிஸ் காட்டினேன்?” ஹலீம் துள்ளினார். “இவள எழுதவே கூடாது. ஒரு சதம் போகக் கூடாது!”

“சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடமாட்டேங்கிறாரே!” காளியாயி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தனுஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இப்படியும் ஒரு மனிதனா?

“எழுதுறதும் எழுதாததும் என்னோட வேலை. இருபது வருஷமா இங்க தொழில் செய்றாங்கன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. இவங்களுக்குத் தனியா நட்டஈடு உண்டு.”

அங்கேயே எழுதி, காளியாயியிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, கடையையும் அளந்துவிட்டு, ஹலீமின் முகத்தைப் பாராமலே ஜீப்பில் ஏறினாள். கூட்டமும் அவரை முறைத்துக்கொண்டே கலைந்தது.

ஹலீம் உள்ளே போனார். இரண்டு கோப்பை பிளேன்டியோடு திரும்பி வந்து, மெஷினுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நாம பேசி வெச்ச மாதிரியே எழுதிட்டாங்க அக்கா. ஆனா, அழச்சொல்லி நான் சொல்லித் தரல்லயே?”

காளியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அது நடிப்பில்ல தம்பி. இனி எனக்கு ஒங்க வாசல் ஏது?”