ஏகாம்பரத்தின் மலப் பரிசோதனை

"கண்ணுக்குத் தெரியாம ரத்தம் கலந்திருக்கு, ஏகாம்பரம். புழு இல்ல, குடல்தான் புண்ணாகியிருக்கு. லேசுல ஆறாது," என்றார் டாக்டர்.

"மெர்டேக்கா வந்து, நாடு சுதந்திரமானதுக்கு அப்புறம் கெடச்ச அரசாங்க வேலைங்க."

"இந்த ஒடம்புக்குக் குடுக்க மாட்டாங்க."

ஏகாம்பரம் காஜா பேராங் பகுதியில் இருந்த தன் வீட்டுக்குத் தளர்ந்து நடந்தான். மாதக்கணக்கில் வயிற்றுவலியால் துடித்தவன் அவன். வேலைக்கான பரிசோதனையில் தேறமாட்டோம் என்று பயந்து, மனைவி அஞ்சலையின் மலத்தைத் தன்னுடையது என்று கொடுத்திருந்தான்.

அடுப்படியில் இருந்தவளிடம் மெதுவாகக் கேட்டான்.

"ஒனக்கும் வயித்துல வலி இருக்கா?"

அவள் நிமிரவில்லை. "ரொம்ப நாளா இருக்கு."

"ஏன் புள்ள சொல்லல?"

"நீங்கதான் மொதல்ல படுத்துட்டீங்களே. நானும் படுத்தா யாரு ஆக்கிப் போடுறது?"

ஏகாம்பரம் அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டான்.