அத்தை ஏறினால்தான் ஸ்டார்ட்

மாமியார் ஏறி உட்கார்ந்தால்தான் கார் ஸ்டார்ட் ஆகிறது என்று ஒருத்தர் வந்து நின்றால், நீங்களாயிருந்தால் என்ன செய்வீர்கள்? கரண்ட் அக்கா காதைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

"ஆமா மேடம். அவங்க இல்லாம சாவியைத் திருப்பினா 'டிக்'குன்னு ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்."

கார் வயரிங்கிலேயே இருபது வருஷம் ஊறியவள் என்பதால் தெருவே அவளுக்கு வைத்த பெயர் கரண்ட் அக்கா. மழை பெய்தால் தானாக ஹாரன் அடிக்கிற காரைப் பார்த்திருக்கிறாள். பிரேக் மிதித்தால் பாட்டு நிற்கிற காரைப் பார்த்திருக்கிறாள். மாமியாரில் ஓடுகிற காரை இப்போதுதான் பார்க்கிறாள்.

அதுவும் சாதாரணக் கார் இல்லை. தரையோடு தரையாக, செக்கச்செவேலென்று, இரண்டே இரண்டு சீட் உள்ள ஸ்போர்ட்ஸ் கார். அதில் ஒன்றில் மாமியார், கண்ணில் கூலிங் கிளாஸும் மடியில் கைப்பையுமாக ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளை பொரிந்து தள்ளினார். ஆசை ஆசையாக வாங்கிய காராம். பெண்டாட்டி பஸ்ஸில் போகிறாளாம், ஆபீசுக்குக்கூட மாமியாரோடுதான் போய் இறங்க வேண்டியிருக்கிறதாம், சிக்னலில் நின்றால் மானம் போகிறதாம்.

"எப்படியாவது சரி பண்ணுங்க மேடம். இவங்களை வீட்டுல விட்டாத்தான் எனக்கு விடிவுகாலம்."

வயசானவரை எதிரிலேயே வைத்துக்கொண்டு இப்படியா பேசுவது? கரண்ட் அக்காவுக்குச் சுருக்கென்றது.

வேலை ஆரம்பமானது. பேட்டரி கல்லு மாதிரி இருந்தது. ஃபியூஸ் எல்லாம் சரி. ஸ்டார்ட்டர் மோட்டாரும் சரி. மாமியாரை இறக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினாள், டிக். ஏற்றிவிட்டுத் திருப்பினாள், கார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

ஒருவேளை எடைதான் விஷயமோ? எத்தனை கிலோ இருப்பீங்க என்று மாமியாரைக் கேட்டாள். அதெல்லாம் பொம்பளைங்ககிட்ட கேட்கிற கேள்வியா என்று மடக்கிவிட்டார். சரி என்று ஒரு மணல் மூட்டையைத் தூக்கி வைத்தாள். டிக். பக்கத்து ஷெட் பெயின்டரைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். டிக். எதற்கும் இருக்கட்டும் என்று பெயின்டர் மாமியாரின் கூலிங் கிளாஸை வாங்கி மாட்டிக்கொண்டும் உட்கார்ந்து பார்த்தார். காரா ஏமாறும்? டிக்தான்.

மாப்பிள்ளை போன் பேச வெளியே போனார். மாமியார் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுக்காரர் போனப்புறம் பதினாலு மாசம் நான் ரூமை விட்டு வெளியே வரலைம்மா. சாப்பாடுகூட உள்ளேதான். ஒருநாள் இந்த வண்டி மக்கர் பண்ணுச்சு. சும்மா ஏறி உட்காருங்க அத்தைன்னார் மாப்பிள்ளை. உட்கார்ந்தேன், கிளம்பிடுச்சு. அன்னையிலேர்ந்து எங்கே போனாலும் நான் வேணும்."

சொல்லும்போது முகத்தில் பெருமை தாங்கவில்லை. மாப்பிள்ளை ஆபீசில் இப்போது எல்லார் வீட்டுக் கதையும் அவருக்கு அத்துப்படியாம். ஒருநாள் வராவிட்டால் கேன்டீன்காரர் வருத்தப்படுகிறாராம்.

"வண்டி சரியாயிட்டா?" என்று கேட்டாள் கரண்ட் அக்கா.

"மறுபடி ரூம்தான்" என்று சிரிக்கப் பார்த்தார் மாமியார். சிரிப்பு வரவில்லை.

கடைசியாக ஒரு தடவை அவரை ஏறச் சொல்லிவிட்டுக் கண்கொட்டாமல் பார்த்தாள். மாமியார் குள்ளம். உட்கார்ந்ததும் முதல் வேலையாக சீட்டைக் கடகடவென்று முன்னால் இழுத்துக்கொண்டார். இறங்கும்போது முழங்கால் இடிக்காமல் இருக்கப் பின்னால் தள்ளிவிட்டு இறங்கினார்.

அட! அக்கா டார்ச்சை எடுத்துக்கொண்டு சீட்டுக்கு அடியில் குனிந்தாள். பேட்டரியிலிருந்து வரும் எர்த் வயரை பாடியோடு பிடித்திருக்கும் போல்ட் லூஸாகக் கிடந்தது. சீட் முன்னால் வந்தால் அதன் இரும்புச் சட்டம் வயரை அழுத்துகிறது, கரண்ட் பாய்கிறது. இவ்வளவு முன்னால் இழுத்து உட்கார வேறு யாருக்குக் கால் அவ்வளவு குட்டை?

ஸ்பேனரை வைத்து ரெண்டு திருகு திருகினால் முடிந்தது கதை.

ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். மாமியார் கார் கண்ணாடியில் முடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். இருபது வருஷத்தில் ஒரு காரைக்கூட முடியாது என்று திருப்பி அனுப்பியதில்லை. அந்தப் பேர் இன்றோடு போகிறதே என்று மனசு அடித்துக்கொண்டது. போனால் போகட்டும் என்று ஸ்பேனரைப் பெட்டியில் போட்டு மூடினாள்.

மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டாள். காச்சு மூச்சென்று கத்தப்போகிறார் என்று நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டாள்.

"எனக்குப் பிடிபடலை சார். எங்கே கொண்டுபோனாலும் இதைத்தான் சொல்வாங்க. உங்க மாமியாரைத் தவிர இந்த வண்டிக்கு வேற வழியே இல்லை."

அவர் கத்தவில்லை. மாமியார் தூரத்தில் இருக்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு கை எடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க நல்லா இருக்கணும் மேடம். 'என்னால உங்களுக்குத் தொல்லை மாப்பிள்ளை, வண்டியைச் சரி பண்ணுங்க'ன்னு அத்தைதான் என்னை ஷெட் ஷெட்டா இழுத்துட்டுப் போறாங்க. நானும் எரிஞ்சு விழுந்து நடிச்சாத்தான் வண்டி நிஜமாவே ரிப்பேர்னு நம்புறாங்க. போன ரெண்டு மெக்கானிக்கும் கெட்டிக்காரங்க, அஞ்சே நிமிஷத்துல கண்டுபிடிச்சு போல்ட்டை டைட் பண்ணிட்டாங்க. அத்தை கண்ணுல படாம சீட்டுக்கு அடியில புகுந்து அதை மறுபடி லூஸ் பண்றதுக்குள்ள, என் இடுப்பே போயிடுச்சு!"