மேற்கு ஜன்னல்

“மறைந்த நம் கட்டடக் கலைஞர் இந்த ஊருக்கு என்னதான் செய்யவில்லை? நூலகம் கட்டினார். ஆஸ்பத்திரி கட்டினார். இதோ, இந்த மன்றத்துக்குச் சல்லிக்காசு வாங்காமல் வரைபடம் போட்டுக் கொடுத்தார். ஆனால்...”

சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. இரங்கல் கூட்டத்தில் ‘ஆனால்’ அபூர்வமான சொல்.

“ஆனால், ஒரே ஒரு தப்பு பண்ணிட்டார்!”

மன்றத் தலைவர், எதிரே வாசலுக்கு மேலிருந்த அகலமான ஜன்னலைக் காட்டினார். அதன் வழியே மாலை வெயில் நேராக அவர் மூஞ்சியில் அடித்தது. பொருளாளர் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டிருந்தார். சூரியன் மன்ற விதிகளுக்குக் கட்டுப்படாதவர். அவர் இறங்க இறங்கக் குடையும் இறங்கியது. இப்போது தலைவரின் மூக்குக்கு மேலே எதுவும் சபைக்குத் தெரியவில்லை.

முன்வரிசையில் கட்டடக் கலைஞரின் மகள் கொதித்தாள்.

“அப்பாவோட நினைவுக் கூட்டத்துலயே அப்பாவைக் குறை சொல்றாங்க! எழுந்திரும்மா, போயிடலாம்.”

“சும்மா இருடி.”

குடைக்குள்ளிருந்து குரல் தொடர்ந்தது. “வாயைத் திறந்தா கண்ணு கூசுது. எழுதிட்டு வர்றதுல கால்வாசிகூடப் பேச முடியல. அந்தத் தப்பைத் திருத்தறதுதான் நாம அவருக்குச் செய்யற அஞ்சலி! ஜன்னலைச் செங்கல் வெச்சு அடைச்சுட்டு, அதுமேல அவர் படத்தையே மாட்டிடலாம். அண்ணி, நீங்க ‘சரி’ன்னு ஒரு வார்த்தை சொன்னா, நாளைக்கே கொத்தனார் வந்துடுவார்.”

மகள் அம்மாவின் கையை அழுத்தினாள். “ஊரே பாக்குது. அப்பா பேரு கெட்டுடும்மா. ஏதாவது சொல்லு!”

அம்மா மேடையேறினார். பொருளாளர் குடையை இவர் பக்கம் நீட்டினார். வேண்டாமென்று கையாட்டிவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேசினார்.

“அது தப்பு இல்லீங்க. இதுக்கு அடிக்கல் நாட்டின அன்னிக்கு, மொத்த ஜனமும் கொளுத்தற வெயில்ல நின்னுச்சு. தலைவர் மட்டும் பந்தல்ல நின்னுக்கிட்டு ரெண்டு மணி நேரம் பேசினார். ஒரு கர்ப்பிணிப் பொண்ணு மயங்கி விழுந்துட்டா. அப்பவும் அவர் நிறுத்தல.”

குடை லேசாக ஆடியது.

“மறுநாளே எங்க வீட்டுக்காரர் வந்து, மேடை வர்ற இடத்துல ஒரு கம்பை நட்டார். சாயங்கால வெயில் எந்த மாசம் எப்படி விழுதுன்னு வருஷம் பூரா அளந்தார். அப்புறம்தான் ஜன்னலையே வரைஞ்சார்.”

கடைசி வரிசையிலிருந்து யாரோ கேட்டார்.

“ஏம்மா, மழைக்காலத்துக்கு ஏதாச்சும் யோசிச்சு வெச்சிருந்தாரா?”

மன்றமே கைதட்டிச் சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, அம்மா தலைவர் பக்கம் திரும்பினார்.

“அடைச்சுடாதீங்க தம்பி. ‘நூலகம், ஆஸ்பத்திரி எல்லாம் நான் பார்த்த வேலை. ஊருக்குச் சேவைன்னு செஞ்சது அந்த ஜன்னல் ஒண்ணுதான்’னு கடைசிவரைக்கும் சொல்லிட்டிருந்தார்.”