ஆறு மணி நேரம்

"அந்த ஆறை மறுபடியும் மூணா மாத்துங்கண்ணே. இன்னிக்கே."

உமைர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் ரேணுகா சொல்லிவிட்டாள். கோட்டக்குப்பத்திலிருந்து பைக்கை விரட்டிக்கொண்டு மரக்காணம் ஆஸ்பத்திரிக்கு வந்தவன் வராந்தாவில் திகைத்து நின்றான். உள்ளே அவளுடைய அத்தை முத்தம்மாள் கிடந்தாள். உச்சி வெயிலில் உப்பு வாரிக்கொண்டிருந்தவள், பாத்திக்குள்ளேயே குப்புற விழுந்து, இன்னும் கண் திறக்கவில்லை.

"அத்தை எப்படி இருக்காங்க?"

"ராத்திரி தாண்டணும்னு டாக்டர் சொல்றாரு. காலையில அஞ்சு மணிக்குள்ள மூணுன்னு அச்சடிச்ச பக்கம் என் கையில இருக்கணும்."

"எந்தப் பக்கம்?"

"நம்ம புக்குல பதினாலாம் பக்கம்."

உமைர் பகடை விளையாட்டுப் புத்தகம் போடுகிறவன். நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நடத்திப் போகும் விளையாட்டு. அதற்குத் துணைப் புத்தகமாக உப்பளக் கதை ஒன்றை ரேணுகா எழுதிக் கொடுத்திருந்தாள். பூதமும் கிடையாது, பிசாசும் கிடையாது. வெயில்தான் எதிரி. நிழலில்லாமல் ஓர் ஆள் மூன்று மணி நேரம் தாங்குவான். அதற்குமேல் மணிக்கொரு முறை பகடை. ஒன்றோ இரண்டோ விழுந்தால் ஆள் காலி. பதினைந்து வயதிலிருந்து பாத்தியில் நின்றவள் எழுதிய விதி அது.

ஆடிப் பார்த்தவர்கள் கொதித்தார்கள். இரண்டாம் நாளைத் தாண்டி ஒரு பாத்திரமும் பிழைக்கவில்லை. 'சாவடிக்கிறதுக்குன்னே எழுதினாப்பல இருக்குது' என்றார்கள். உமைர் அவளைக் கேட்காமலேயே மூன்றை ஆறாக்கினான். அதன்பிறகுதான் புத்தகம் ஓடியது. இரண்டாம் பதிப்பு ஊர் ஊராகப் போக லாரி ஆபீசில் கட்டுக்கட்டாகக் காத்திருக்கிறது.

"ரேணு, பயத்துல பேசுறே. முதல்ல உக்காரு. டீ வாங்கியாரட்டா?"

"அத்தை எத்தினி மணி நேரம் நின்னுச்சு தெரியுமா? ஆறு மணிக்கு எறங்கிச்சு. பன்னெண்டு ஆவறதுக்குள்ள விழுந்துச்சு."

ஆறு மணி நேரம் என்றதும் உமைருக்குப் பதினாலாம் பக்கம்தான் கண்ணில் வந்தது. உடனே தன்னையே திட்டிக்கொண்டான்.

"யா அல்லாஹ்! நாம எழுதினது பலிச்சிடுச்சுன்னு நினைக்கிறியா? பி.காம் படிச்ச பொண்ணாம்மா நீ! காயிதத்துல கிடக்குற நம்பருக்கும் அத்தை விழுந்ததுக்கும் என்ன சம்பந்தம்?"

"இருக்குது."

அவள் வார்டுக் கதவைப் பாதி திறந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவளுடைய அம்மா ஜெயா, உப்பில் வெடித்த காலை மடக்கிக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். ரேணுகா எட்டிப் பார்த்ததும் ஜெயா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். துக்கம், பாவம் என்று உமைர் நினைத்தான்.

"அம்மா எங்கூடப் பேச மாட்டேங்குது. காலையில அதுவும் அதே பாத்தியில எறங்கணும்."

"ஒரு நாள் லீவு போடச் சொல்லு."

"லீவு போட்டா அடுத்த நாள் வேற ஆள வச்சிடுவாங்க. ஆபீஸ்னு நினைச்சீங்களா?"

"சரிம்மா. ஆனா விளையாட்டுன்னா பேலன்ஸ்னு ஒண்ணு வேணும்ல? வந்தவனையெல்லாம் வெயில்ல சாவடிச்சா எவன் ஆடுவான்? ஆறு போட்டதாலதான் அத்தினி பேரும் பொழைச்சாங்க."

"காயிதத்துல பொழைச்சாங்க."

"காயிதத்துலதானே ஆடுறாங்க!"

ரேணுகா பல்லைக் கடித்தாள். "நான் மூணுன்னு சும்மா எழுதலண்ணே. எங்க பாத்தியில மூணு மணி நேரத்துக்கு ஒருவாட்டி எல்லாரும் கொட்டாய்க்கு ஏறிடுவோம். தண்ணி குடிச்சி, நிழல்ல குந்திட்டுத்தான் மறுபடி எறங்குவோம். யாரும் சொல்லவேணாம், உடம்பே சொல்லிடும். எனக்குத் தெரிஞ்சி எவனும் அதைத் தடுத்ததில்ல."

"அப்ப இன்னிக்கு அத்தை ஏன் ஏறல?"

கேட்டுவிட்டானே தவிர, பதிலைக் கேட்க ஏனோ பயமாக இருந்தது. ரேணுகா செல்போனை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். கொட்டாயின் தகரக் கதவு. அதில் ஒட்டியிருந்தது அவன் அச்சடித்த பதினாலாம் பக்கம். ஆறு மணி நேரம் என்ற வரிக்கடியில் சிவப்பு மையில் ரெண்டு கோடு.

"புதுசா ஒரு சூப்பர்வைசர் வந்திருக்கான், கலையரசன்னு. உப்பளத்தையே பார்த்ததில்ல. பாண்டிச்சேரியில ஞாயித்துக்கெழமை ஆனா நம்ம விளையாட்டு ஆடுறவனாம். அத்தை ஏறப் போனப்ப இதைக் காட்டி, 'உங்க ஊட்டுப் பொண்ணு ரேணுகாவே ஆறு மணி நேரம் தாங்கும்னு எழுதியிருக்கா, எறங்கு'ன்னு திருப்பி அனுப்பிட்டான்."